இளைஞர் ஆலோசனைக் குழுக்கள்: பரிந்துரைக்குப் பதில் வருகிறதா?

சிறார் நீதித் துறையில் பல நாடுகளில் இப்போது நடைமுறையில் இருக்கும் ஒரு சேவையைப் பற்றிய மதிப்புரை இது. பெயர் இடத்துக்கு இடம் மாறும். இளைஞர் ஆலோசனைக் குழு என்பார்கள், இளைஞர் மன்றம் என்பார்கள், சிறார் குழு என்பார்கள். வேலை ஒன்றுதான். காவல் நிலையம், நீதிமன்றம், கூர்நோக்கு இல்லம், நன்னடத்தைக் கண்காணிப்பு என்று இந்த அமைப்பை உள்ளிருந்து பார்த்த இளைஞர்களை ஒன்றுகூட்டி, எதை எப்படித் திருத்தலாம் என்று அவர்களையே வழிநடத்தச் சொல்வது. அரசுத் துறைகளும் இதை நடத்துகின்றன, தொண்டு நிறுவனங்களும் நடத்துகின்றன. சில இடங்களில் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு குழுவின் தரத்தை அறிய உறுப்பினர் எண்ணிக்கையும் உதவாது, மாநாட்டுப் படங்களும் உதவாது. அந்தக் குழு கடைசியாகக் கொடுத்த ஐந்து பரிந்துரைகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார், எந்தத் தேதியில், என்ன பதில் எழுதினார் என்று கேளுங்கள். பதிலுக்கு ஒரு தாள் வந்தால் அந்தக் குழுவில் உழைப்பதற்கு அர்த்தம் உண்டு. தாள் இல்லையென்றால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் பேச்சு கிணற்றில் போட்ட கல்தான். சேரப்போகும் இளைஞருக்கும், இப்படிக் குழு தொடங்க நினைக்கும் அதிகாரிக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

சட்டத்தில் எவ்வளவு பலம் இருக்கிறது

நினைப்பதைவிட அதிகம். 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. நீதிமன்ற, நிர்வாக நடவடிக்கைகளை அந்தப் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. அந்த உடன்படிக்கைக்கு விளக்கமாக 2009-இல் ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு வெளியிட்ட 12-ஆவது பொதுக் கருத்துரை, குழந்தைகளின் பங்கேற்புக்கு ஒன்பது நிபந்தனைகளை வகுத்தது: வெளிப்படைத்தன்மை, சுயவிருப்பம், மரியாதை, பொருத்தம், சிறாருக்கேற்ற சூழல், யாரையும் விலக்காமை, பயிற்சி, பாதுகாப்பு, பதில் சொல்லும் கடமை. இந்தக் கடைசி நிபந்தனையை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாங்கள் பங்கேற்றதால் முடிவில் என்ன மாறியது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்கிறது அது. ஆகவே பதில் கேட்கும் இளைஞர் சலுகை கேட்கவில்லை.

அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் ஆலோசனைக் குழுவை எதிர்பார்க்கிறது. உறுப்பினர்கள் 15 முதல் 33 பேர். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் நியமிக்கப்படும்போது 28 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த வரம்பு முன்பு 24 ஆக இருந்தது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை உயர்த்தியது. சிறார் நீதி அமைப்பின் அதிகாரத்துக்குள் இருந்த அல்லது இப்போது இருக்கும் குறைந்தது 3 பேர் குழுவில் இருக்க வேண்டும். அது சாத்தியமில்லையென்றால் அப்படிப்பட்டவரின் பெற்றோர். துறைக்கு வரும் நிதி விண்ணப்பங்களைப் படித்து 45 நாட்களுக்குள் கருத்துச் சொல்லும் வாய்ப்பும் குழுவுக்கு உண்டு. பணம் எங்கே போகிறது என்பதில் பேச இடம் இருப்பது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 33 பேர் குழுவில் அனுபவப்பட்டவர் 3 பேர் என்றால் பதினொன்றில் ஒருவர். நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் காவல்துறை அதிகாரியும் சூழ்ந்த மேசையில் 19 வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து, தான் இருந்த இல்லத்தைப் பற்றிப் பேச வேண்டும். சட்டம் நாற்காலியை உறுதி செய்கிறது. அந்த நாற்காலியில் உட்காரத் தேவையான துணை, பயிற்சி, தாள்களைப் படிக்கும் நேரம் எல்லாம் அந்தந்த மாநிலம் எவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தவை.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகள் வேறு வழியில் போகின்றன. ஒவ்வோர் இல்லத்திலும் 6–10, 11–15, 16–18 என்று வயதுவாரியாகச் சிறார் குழுக்கள். உறுப்பினர்கள் சிறார் மட்டுமே. மாதம் ஒரு கூட்டம், ஒரு பதிவேடு, அந்தப் பதிவேடு இல்ல மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். அன்றாட அட்டவணை, உணவுப் பட்டியல், பராமரிப்புத் தரம், துன்புறுத்தல் பற்றிய புகார் வரை இந்தக் குழுக்களின் வேலையில் அடங்கும். ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே. அங்கே 1971 முதல் சிறார் விசாரணைகளை நீதிபதிக்குப் பதிலாக மூன்று பொதுமக்கள் கொண்ட அமர்வு நடத்துகிறது. 18 வயது நிரம்பிய எவரும் அந்த அமர்வில் உட்கார விண்ணப்பிக்கலாம். அந்த நாற்காலியில் உட்காரும் இளைஞர் ஆலோசனை சொல்வதோடு நிற்பதில்லை, முடிவே எடுக்கிறார்.

யாரைச் சேர்க்கிறார்கள்

பெரும்பாலான குழுக்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். இல்லப் பொறுப்பாளரிடம் "நன்றாகப் பேசும் இரண்டு பேரை அனுப்புங்கள்" என்று கேட்டால், சொன்னதைக் கேட்கும் இரண்டு பேர் வருவார்கள். தண்டனையாக அறையில் தனியே பூட்டப்பட்டவர் வரமாட்டார். ஆனால் தனிமை அடைப்பைப் பற்றித் தெரிந்தவர் அவர்தான். சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறாரைப் பாதுகாப்பதற்கான 1990-ஆம் ஆண்டு ஐ.நா. விதிகளின் 67-ஆவது விதி அதைத் தடை செய்தே இருக்கிறது. தடை காகிதத்தில் இருக்கிறதா நடைமுறையில் இருக்கிறதா என்று சொல்லக்கூடியவரை வடிகட்டிவிட்டுக் குழு அமைப்பதில் பயனில்லை.

நல்ல குழுக்கள் பாதி இடத்தைச் சக இளைஞர்களின் தேர்வுக்கும், மீதியைத் திறந்த விண்ணப்பத்துக்கும் விடுகின்றன. விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. எழுதத் தயங்குபவர் குரல் பதிவாக அனுப்பலாம். வழக்கு விவரம் கேட்கும் பத்தி விண்ணப்பத்தில் இருக்கவே கூடாது. "எந்தக் குற்றத்துக்காகப் பிடிபட்டாய்" என்ற கேள்வியோடு தொடங்கும் உறவில் அந்த இளைஞர் கடைசிவரை வழக்கு எண்ணாகவே இருப்பார்.

8 முதல் 12 பேர் சரியான அளவு. அதற்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத நாளில் கூட்டம் நடக்காது. மேலே போனால் கூச்சப்படுபவர் வாயே திறக்கமாட்டார். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மையினர் என எந்தப் பிரிவிலும் ஒருவரை மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டாம். ஒரே ஒருத்தியாக இருப்பவள் ஒவ்வொரு முறையும் எல்லாப் பெண்களுக்காகவும் பேச வேண்டிய சுமைக்கு ஆளாவாள். பதவிக்காலம் 12 முதல் 18 மாதம், பாதிப் பேர் ஒரு நேரத்திலும் மீதிப் பேர் ஆறு மாதம் கழித்தும் மாறும்படி. எல்லோரும் ஒரே நாளில் விடைபெற்றால் அனுபவமும் அவர்களோடு போய்விடும்.

பணம், நேரம், அனுமதிக் கடிதம்

ஊதியம் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். கூட்ட நேரம் மட்டுமல்ல, தாள் படிக்கும் நேரமும் பயண நேரமும் அதில் சேரும். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரத் தயாரிப்பு இயல்பு. மேசையைச் சுற்றி இருக்கும் மற்றவர்கள் சம்பள நேரத்தில் வந்திருக்கிறார்கள். இளைஞருக்கு மட்டும் சான்றிதழும் கைக்குலுக்கலும் கொடுத்து அனுப்புவது அநியாயம்.

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது முக்கியம். பயணச் செலவைக் கையிலிருந்து போட்டுவிட்டு, பற்றுச்சீட்டு கொடுத்து, இரண்டு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளும் முறை மாதச் சம்பளக்காரருக்கு ஏற்றது. வாடகைக்குத் தவிக்கும் 20 வயதுக்காரர் இரண்டாவது கூட்டத்துக்கே வரமாட்டார். "ஆர்வம் குறைந்துவிட்டது" என்று பதிவேட்டில் எழுதுவார்கள். பயணச் செலவு முன்கூட்டியே கையில் வர வேண்டும்; ஊதியம் அன்றே அல்லது ஒரு வாரத்துக்குள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குத் தனி வங்கிக் கணக்கு இல்லாமல் போகலாம், இருந்தாலும் பெற்றோர் பெயரோடு சேர்ந்திருக்கலாம். முதல் கூட்டத்துக்கு முன்பே இதைத் தீர்க்க வேண்டும். அரசு உதவித்தொகை பெறும் குடும்பமாக இருந்தால் இந்த வருமானத்தால் அது குறையுமா என்று எழுத்தில் விசாரித்துச் சொல்வது நடத்துபவரின் வேலை.

கூட்ட நேரம் ஒரு நல்ல அளவுகோல். வேலைநாள் காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தால் பள்ளியில் படிப்பவரும் தினக்கூலிக்குப் போகிறவரும் வரமுடியாது. மாலை அல்லது விடுமுறை நாள், 90 நிமிடம், நடுவில் ஓர் இடைவேளை, சாப்பாடு. காவல் நிலைய வளாகத்திலும் நீதிமன்றக் கட்டடத்திலும் வைக்காதீர்கள். அந்த வாசலைத் தாண்டும்போதே சிலருக்குத் தொண்டை அடைத்துவிடும்.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. கண்காணிப்பில் வெளியே இருக்கும் இளைஞருக்கு நீதிமன்றம் போடும் நிபந்தனைகளில், வழக்கு உள்ள மற்றவர்களோடு பழகக்கூடாது என்பதும், இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வெளியே இருக்கக்கூடாது என்பதும் அடிக்கடி இருக்கும். ஆலோசனைக் குழுவில் இருக்கும் மற்ற எட்டுப் பேரும் அதே பின்னணி கொண்டவர்கள். கூட்டத்துக்கு வருவதே நிபந்தனை மீறலாகி, சீர்திருத்தம் பேச வந்தவர் திரும்ப உள்ளே போக நேரிடலாம். ஆகவே முதல் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே நன்னடத்தை அலுவலருக்கு எழுதி, தேவைப்பட்டால் நீதிமன்றத்திடமும், கூட்டத் தேதிகளையும் நேரத்தையும் குறிப்பிட்டு எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும். அதன் நகல் இளைஞரின் கையில் இருக்க வேண்டும். "அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டோம்" என்பதை ஏற்காதீர்கள்; அலுவலர் மாறினால் வாய்மொழிக்கு மதிப்பில்லை.

இன்னொன்று வாசல் சோதனை. இல்லத்தைப் பார்வையிடப் போகும் குழுவில் பழைய வழக்கு உள்ளவரைப் பின்னணிச் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். யாருடைய அனுபவத்துக்காகக் குழு அமைத்தார்களோ அவர் வெளியே நிற்க, மற்றவர்கள் உள்ளே போவார்கள். நடத்துபவர் இதற்கான விலக்கைக் குழு தொடங்கும்போதே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

"உன் கதையைச் சொல்"

இந்தச் சேவையின் மிக ஆபத்தான பகுதி இது. மேடையில் ஏறித் தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்வது கேட்பவரை உருக்கும். சொன்னவர் அன்று இரவு தூங்காமல் கிடப்பார். இணையத்தில் ஏறிய காணொளி பத்து வருடம் கழித்து வேலை கொடுப்பவரின் திரையில் வரும். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 40-ஆவது பிரிவு வழக்கின் எல்லாக் கட்டங்களிலும் சிறாரின் அந்தரங்கத்தை மதிக்கச் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டு 24-ஆவது பொதுக் கருத்துரை, சிறுவயதுக் குற்றம் பற்றிய விவரங்கள் வெளியாவதிலிருந்து வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. நல்ல நோக்கத்தில் எடுத்த படமும் அந்தப் பாதுகாப்பை உடைக்கும்.

நல்ல குழுவில் சம்மதப் படிவம் ஒரே கையெழுத்தோடு முடியாது. என்ன சொல்லலாம், யார் முன்னால் சொல்லலாம், பதிவு எவ்வளவு காலம் இருக்கலாம் என மூன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய படிவம். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதும், பதிவை நீக்கக் கோரவேண்டிய ஆளின் பெயரும் அதிலேயே இருக்கும். ஏற்கனவே வெளியில் பரவிய காணொளியை முழுக்கத் திரும்பப் பெற முடியாது என்ற உண்மையையும் மறைக்காமல் எழுதியிருப்பார்கள்.

வழக்கு நிலுவையில் இருந்தால் அதைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. குழுவில் பேசியது ரகசியம் என்று அறைக்குள் எல்லோரும் ஒப்புக்கொண்டாலும் நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. மேல்முறையீடு போகிறது என்றாலும் இதேதான். முதலில் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். அதுபோல, துன்புறுத்தல் நடந்ததாக யாராவது சொன்னால் பெரியவர்கள் அதைப் புகாராக்கியே ஆகவேண்டிய சட்டக் கடமை பல நாடுகளில் உண்டு. இந்த எல்லையைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். நம்பிச் சொன்ன பிறகு "இதை நான் மேலே தெரிவித்தாக வேண்டும்" என்றால் அந்த இளைஞர் மறுபடி யாரிடமும் வாய் திறக்கமாட்டார்.

பயிற்சியில் நாங்கள் முதலிடம் தருவது ஒரு சின்ன ஒத்திகைக்கு. கேள்விக்குப் பதில் சொல்லாமல் மரியாதையாக விலகும் ஒத்திகை. "என்ன செய்துவிட்டு உள்ளே போனாய்?" என்று எவராவது கேட்டே தீருவார். "என் வழக்கைப் பற்றி நான் பேசுவதில்லை. இல்லத்தில் படிப்பு எப்படி நடக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்." இந்த இரண்டு வாக்கியங்களை இருபது தடவை சொல்லிப் பழகியவர் எந்த அவையிலும் நிமிர்ந்து நிற்பார்.

நிகழ்ச்சிக்கு முன்னும் மறுநாளும் குழுவின் துணைப் பணியாளர் ஒருவர் அழைத்துப் பேச வேண்டும். குழுவுக்கு அப்படி இரண்டு பேர் தேவை, அதில் ஒருவராவது அந்த அரசுத் துறையின் சம்பளப் பட்டியலில் இல்லாதவராக. துறையைப் பற்றிய குறையை அந்தத் துறைக்காரரிடமே சொல்லும் நிலை வந்தால் குறை வெளியே வராது.

கூட்டத்தில் என்ன நடக்க வேண்டும்

நிகழ்ச்சி நிரலில் மூன்றில் ஒரு பங்கையாவது இளைஞர்கள் போட வேண்டும். தலைமையும் அவர்களுக்குள் சுழல வேண்டும். படிக்க வேண்டிய தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல், ஒரு வாரம் முன்பே கைக்கு வர வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அரை மணி நேரத் தொலைபேசிப் பேச்சு: எந்த அம்சம் வருகிறது, யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன அதிகாரம் உண்டு. சட்டச் சொல் வந்தால் அங்கேயே நிறுத்தி விளக்கம் கேட்கலாம் என்ற விதி சுவரில் எழுதியிருக்கட்டும்.

சிறார் பங்கேற்பு ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃப்புக்காக எழுதிய எட்டுப் படிப் பங்கேற்பு ஏணியில் கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல: பின்னாலிருந்து ஆட்டுவித்தல், அலங்காரமாக வைத்தல், கண்துடைப்பு. சுவரொட்டிக்கு நிறம் தேர்ந்தெடுக்கவும் சின்னத்தை முடிவு செய்யவும் மட்டும் அழைக்கும் குழு இந்த மூன்றுக்குள்தான். சிறார் உரிமை ஆய்வாளர் லாரா லண்டி 2007-இல் இதையே நான்கு சொல்லில் பிரித்தார்: இடம், குரல், கேட்கும் ஆள், தாக்கம். நாம் பார்க்கும் குழுக்களில் முதல் இரண்டும் பெரும்பாலும் இருக்கின்றன. மூன்றாவதில்தான் ஓட்டை. பேச்சைக் கேட்க வந்தவர் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரா, குறிப்பெடுக்க அனுப்பப்பட்டவரா? நிரலில் ஒவ்வோர் அம்சத்துக்கும் பக்கத்தில் "முடிவெடுப்பவர்" என்று ஒரு பத்தி இருந்தால் இது உடனே வெளிச்சமாகும்.

பரிந்துரை எழுதுவது ஒரு தொழில்நுட்பம். பயிற்சியில் பாதி நேரத்தை இதற்குக் கொடுக்கலாம். "குடும்பத்தோடு பேச அதிக நேரம் வேண்டும்" என்று எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும், அவ்வளவுதான். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"இல்ல நடைமுறை விதியில் தொலைபேசி நேரம் மாலை 4 முதல் 5 வரை. வேலைக்குப் போகும் பெற்றோர் அந்த நேரத்தில் எடுக்க முடிவதில்லை. அதை இரவு 7 முதல் 9 வரை என்று மாற்ற வேண்டும். இதை முடிவு செய்பவர் இல்லக் கண்காணிப்பாளர். சட்டத் திருத்தம் தேவையில்லை. ஒரு பணியாளரின் நேரம் இரண்டு மணி மாற வேண்டும். முதலில் ஒரு பிரிவில் 60 நாள் நடத்திப் பார்க்கலாம். எடுக்கப்படாத அழைப்புகளின் எண்ணிக்கையை முன்னும் பின்னும் எண்ணுவோம்."

இதற்கு "பரிசீலிக்கப்படும்" என்று எழுத முடியாது. இப்போது இருக்கும் விதி, அதனால் வரும் இடர், கேட்கும் மாற்றம், முடிவெடுப்பவர், செலவு, சோதனைக் காலம், அளவிடும் முறை எல்லாம் தாளிலேயே இருக்கின்றன. மறுப்பதானாலும் எதை மறுக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். ஒரு கூட்டத்தில் இப்படி ஒரு பரிந்துரை உருவானால் போதும். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு. துறையால் செரிக்கக்கூடிய அளவும் அதுதான். ஒரே நாளில் நாற்பது கோரிக்கை கொடுத்தால் எளிதான மூன்றைச் செய்துவிட்டு மீதியை மூடிவைப்பார்கள்.

பதில் பதிவேடு

தொடக்கத்தில் சொன்ன தாள் இங்கேதான் வருகிறது. ஒரு சாதாரண அட்டவணை போதும். பரிந்துரை, கொடுத்த தேதி, பெற்றுக்கொண்டவர், பதில் வரவேண்டிய தேதி, பதில், செய்து முடித்த தேதி. பதிலுக்கு 30 நாள். பதில் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: ஏற்கிறோம், பகுதியாக ஏற்கிறோம், மறுக்கிறோம். மறுத்தால் காரணம். 90-ஆவது நாளில் குழுவே நேரில் போயோ, உள்ளே இருப்பவர்களைக் கேட்டோ சரிபார்க்க வேண்டும். சுற்றறிக்கை போனதும் "முடிந்தது" என்று எழுதுவது பழக்கம். இரவு 7 மணிக்குத் தொலைபேசி அறையின் பூட்டு உண்மையில் திறக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த விதியைக் குழுவின் அமைப்பாணையிலேயே எழுதி, துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும். நல்ல அதிகாரி ஒருவரின் தனிப்பட்ட அக்கறையில் ஓடும் குழு அவர் மாற்றலாகிப் போன மறுமாதமே ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் கூடும் குழுவாகிவிடும். மறுப்பு வந்தால் இளைஞர்கள் மனம் உடைந்துபோவார்கள் என்று சில நடத்துபவர்கள் பதிலையே கேட்காமல் விடுகிறார்கள். அது தவறான இரக்கம். காரணத்தோடு வரும் மறுப்பை வைத்து அடுத்த பரிந்துரையைக் கூர்மையாக்கலாம். மௌனத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது.

இல்லத்துக்குள் இயங்கும் குழு

உள்ளே இருப்பவர்கள் நடத்தும் குழுவுக்கு வேறு கவனம் வேண்டும். குறை சொன்னவர் அதே பணியாளரின் பார்வையில்தான் இரவு உறங்கப் போகிறார். கூட்டக் குறிப்பில் பெயர் வேண்டாம், "உறுப்பினர்கள் கூறியது" என்று மட்டும். கூட்டத்தின் ஒரு பகுதியாவது பணியாளர் இல்லாமல், வெளியிலிருந்து வரும் ஒருவரோடு நடக்க வேண்டும். பழிவாங்கல் நடந்தால் யாரை அழைப்பது என்பதும், அந்த அழைப்புக்கு இல்லத்தின் அனுமதி தேவையில்லை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பு சொன்ன 1990 ஐ.நா. விதிகளின் 76-ஆவது விதி தணிக்கையின்றி மேலிடத்துக்குப் புகார் அனுப்பும் உரிமையோடு, தாமதமின்றிப் பதில் பெறும் உரிமையையும் சேர்த்தே தருகிறது.

இந்திய மாதிரி விதிகளில் ஆலோசனைப் பெட்டி பற்றிய ஏற்பாடு எளிமையானது, மிகவும் யோசித்துச் செய்தது. பெட்டி அலுவலகத்துக்கு அப்பால், சிறார் தங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவி இல்லப் பொறுப்பாளரிடம் இருக்காது. மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்கும். வாரம் ஒரு முறை, சிறார் குழு உறுப்பினர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும். ஓர் இல்லத்தைப் பார்வையிடும்போது முதலில் இந்தப் பெட்டியைப் பாருங்கள். அது அலுவலக வாசலில், கண்காணிப்புக் கேமராவின் நேர் கீழே தொங்கினால் அதில் எந்தச் சீட்டும் விழாது. பூட்டில் தூசி படிந்திருந்தால் யாரும் திறக்கவில்லை. பக்கத்தில் தாளும் பேனாவும் இருக்கின்றனவா, எழுதத் தெரியாதவர் என்ன செய்வார் என்று கேளுங்கள்.

சக இளைஞர் நீதிமன்றம்

இது வேறு சேவை, இங்கே சுருக்கமாக. சிறு குற்றங்களில் சம வயதினரே நீதிபதியாகவும் வழக்கறிஞராகவும் நடுவர்களாகவும் இருந்து, சமூகப் பணி, மன்னிப்புக் கடிதம், இழப்பீடு போன்றவற்றை முடிவு செய்வார்கள். அமெரிக்காவில் நான்கு இடங்களில் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் மறுபடி சிக்கியவர்கள், அலாஸ்காவில் சக இளைஞர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் 6 சதவீதம், வழக்கமான வழியில் போனவர்களில் 23 சதவீதம். மிசௌரியில் 9, 28. இந்த இரண்டு இடங்களிலும் நீதிபதி இருக்கையில் இளைஞர்களே இருந்தார்கள். மேரிலாந்தில் அப்படிப் பலன் தெரியவில்லை. ஆகவே பெயரை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். முன்பு எச்சரித்து அனுப்பப்பட்ட சிறுவர்களையும் இப்போது இங்கே இழுத்துவருகிறார்களா என்று கவனியுங்கள். இழுத்தால் வலை அகலமாகிறது, சீர்திருத்தம் நடக்கவில்லை.

யாருக்குப் பரிந்துரைப்போம்

வழக்கு முடிந்து, தங்க இடமும் நம்பகமான ஒரு துணையும் உள்ளவருக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். நேற்றுதான் வெளியே வந்தவர் சில மாதம் காத்திருப்பது நல்லது. பெயரைப் பட்டியலில் வைத்திருக்கச் சொல்லலாம். அமைப்பாணை, ஊதிய விதி, சம்மதப் படிவம், பதில் பதிவேடு ஆகிய நான்கையும் முதல் நாளே காட்டும் குழுவுக்கு எங்கள் மதிப்பெண் 5-க்கு 4½. முதல் மூன்று இருந்து பதிவேடு இல்லையென்றால் 2. சேர்ந்துகொண்டு, முதல் கூட்டத்திலேயே பதிவேட்டை நிரலில் போடச் சொல்லுங்கள். சம்மதப் படிவமே இல்லாமல் மேடைக்கு அழைக்கும் குழுவுக்கு மதிப்பெண் இல்லை.

விடைபெறும் கட்டத்தையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள். நன்றாகப் பேசும் ஒருவரை எல்லா மாநாட்டுக்கும் அனுப்பி, வயது வரம்பு தாண்டியதும் தொடர்பை அறுத்துவிடுவது இந்தத் துறையின் கெட்ட பழக்கம். ஒருவருக்கு மாதத்தில் இரண்டு வெளி நிகழ்ச்சிக்கு மேல் கூடாது. கடைசி மூன்று மாதம் அவர் புதிய உறுப்பினர் ஒருவரோடு இணைந்து வேலை செய்ய வேண்டும், அதற்கும் ஊதியம் உண்டு. போகும்போது செய்த வேலையைக் குறிப்பிட்டு, வழக்கைக் குறிப்பிடாமல், ஒரு பணிச் சான்றுக் கடிதம். தான் எழுதிய பரிந்துரைகளின் நகல்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் ஒரு கோப்பில். அவர் பதவிக்காலத்தில் இன்னும் பதில் வராத பரிந்துரைகள் எவை, அவற்றை இனி யார் கேட்பார் என்ற ஒரு பக்கக் குறிப்பு புதியவரின் கையில்.